துப்பாக்கியைக் கைமாற்றும் முன்

பங்காருபேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் விவசாயிகள். காமசமுத்திரம், பூதிகோட்டை பக்கம் எல்லைக் காடுகளிலிருந்து இறங்கும் யானையும் காட்டுப்பன்றியும் ராகிக் கொல்லையை ஒரே ராத்திரியில் மேய்ந்துவிட்டுப் போய்விடும். யானையைச் சுடுவது பெருங்குற்றம். வெடிச்சத்தம் காட்டி விரட்டத்தான் துப்பாக்கி. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு 12 போர் டபுள் பேரல் இருந்தது. நிலத்தை விற்று டவுனுக்குக் குடிவந்த பிறகு அதற்கு வேலையில்லாமல் போயிற்று. சட்டப்படி இன்னொரு விவசாயிக்கு விற்றேன். அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும்

அப்பாவின் துப்பாக்கி தானாகவே மகனுக்கு வந்துவிடாது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், தாமதிக்காமல் அதைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பிறகுதான் வாரிசு விண்ணப்பம். கர்நாடகத்தில் வம்ச விருட்சச் சான்று, கூடப் பிறந்தவர்களின் சம்மதம் என்று அதற்கு அலைச்சல் உண்டு. இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசைச் சொல்லி மாற்றித் தர 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. எங்கள் அப்பா அப்படித்தான் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

45 நாள் பொறுங்கள்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைத் தனியாள் ஒருவர் வியாபார லைசென்ஸ் இல்லாமலே விற்கலாம் என்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. விற்கப்போகிறேன், இன்னாருக்கு, அவர் முகவரி இது என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷன் அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 45 நாள் கழிய வேண்டும். தெரிவிக்காமல் விற்றாலோ, 45 நாளுக்குள் கைமாற்றினாலோ ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

எங்களுக்கு மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் கோலார் டிசி. நான் டிசி ஆபீஸ், ஸ்டேஷன் இரண்டு இடத்திலும் கடிதம் கொடுத்தேன். துப்பாக்கியின் வகை, போர், நம்பர், என் லைசென்ஸ் எண், வாங்குபவரின் லைசென்ஸ் எண் எல்லாம் அதில் இருந்தன. நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 45 நாளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் வாங்குபவர் அவசரப்படுத்துவார். "அண்ணா, லைசென்ஸ் இருக்குதே, பொருளை இப்பவே கொடுத்துடுங்க, பேப்பர் வேலை பின்னாடி நடக்கட்டும்" என்றார் என்னிடம் பேசிய தம்பி. "நாள் முடியட்டும் தம்பி, அதுவரைக்கும் அட்வான்ஸும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். பணத்தைக் கைநீட்டி வாங்கிவிட்டால் மறுப்பது கஷ்டம். 'சும்மா வைத்துக்கொள்' என்று கொடுப்பதும் கைமாற்றுவதுதான்.

லைசென்ஸை வரி வரியாகப் படியுங்கள்

ஜெராக்ஸை நம்பாதீர்கள், அசலைக் கேளுங்கள். நான் பார்த்தவை இவை:

• யுஐஎன் எண் இருக்கிறதா? தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் ஏறாத பழைய புத்தகம் இன்று செல்லாது.

• காலாவதி ஆகாமல் இருக்கிறதா? 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது.

• எந்த வகை ஆயுதத்துக்கு அனுமதி? ரிவால்வருக்கு வாங்கிய லைசென்ஸில் டபுள் பேரல் வாங்க முடியாது.

• ஏற்கெனவே எத்தனை வைத்திருக்கிறார்? மூன்று என்றிருந்த உச்சவரம்பை அதே திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது.

• எந்த எல்லைக்குள் செல்லும்? எங்கள் பகுதியில் இது முக்கியம். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, குப்பம் எல்லாம் எட்டும் தூரம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸோடு ஒருவர் பங்காருபேட்டைக்கு வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போக முடியாது.

• வயது 21 நிரம்பியிருக்கிறதா?

இத்தனையும் பார்த்தபின் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலும் ஒருமுறை விசாரியுங்கள். வைத்திருக்கத் தகுதி உள்ளவரா என்று உறுதி செய்யாமல் ஆயுதத்தைக் கையில் கொடுப்பதே 29ஆம் பிரிவின்படி குற்றம். ஏமாந்துவிட்டேன் என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

ஒப்படைக்கும் நாள்

பகல் நேரத்தில், ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படையுங்கள். துப்பாக்கியை முறித்துத் திறந்து இரண்டு குழலும் காலி என்று வாங்குபவர் கண்ணாலேயே பார்க்கட்டும். குழலில் பொறித்த நம்பரும் இரு லைசென்ஸிலும் உள்ள நம்பரும் ஒன்றா என்று விரல் வைத்துப் படியுங்கள். எங்கள் துப்பாக்கியில் ஒரு எண் துருவில் மங்கியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்த பிறகே தெளிவாகத் தெரிந்தது. நம்பர் அழிந்த துப்பாக்கி என்றால் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

மிச்சத் தோட்டாக்களைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர் லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு மேல் ஒன்றுகூடப் போகக்கூடாது. பழையவற்றை ஸ்டேஷனில் ஒப்படைப்பது நல்லது. பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். அவர் லைசென்ஸில் துப்பாக்கி ஏறிய பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு, உங்கள் லைசென்ஸிலிருந்து அதை நீக்கச் சொல்லி அன்றே மனுக் கொடுங்கள்.

இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்திருந்தார். 2023 சட்டமன்றத் தேர்தல் வந்தது. வழக்கம்போல ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து அவருக்குத்தான் அழைப்பு. தேடிப் போனால் துப்பாக்கி மூன்றாவது கைக்குப் போயிருந்தது. பதிவில் பெயர் இருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

தொடவே கூடாதவை

காகிதமே இல்லாத நாட்டுத் துப்பாக்கி சில கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதை விற்பதோ வாங்குவதோ வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. சட்டவிரோத ஆயுத விற்பனைக்குக் குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள்வரை போகலாம். வாட்ஸப் குழுவில் படம் போட்டு ஆள் தேடுவதும் வேண்டாம். வீட்டில் துப்பாக்கி இருப்பதை ஊருக்கே அறிவிப்பதாகும். சரியான ஆள் அமையவில்லை என்றால் ஆயுதக் கடைக்கே விற்றுவிடுங்கள். விலை குறையும், பத்திரமாகப் போய்ச் சேரும்.

ஆளையும் விசாரியுங்கள்

என்னிடம் முதலில் கேட்டு வந்தவரின் லைசென்ஸில் ஒரு குறையும் இல்லை. அதிக விலைக்கும் தயாராக இருந்தார். ஊரில் விசாரித்தபோது, வரப்புத் தகராறில் அண்ணனோடு இரண்டு முறை கைகலப்பு நடந்திருப்பது தெரிந்தது. கொடுக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டார், இன்னும் என்னோடு பேசுவதில்லை. பிறகு குறைந்த விலைக்கு வேறொரு விவசாயிக்குக் கொடுத்தேன். வீட்டில் சண்டை, குடி, மனச்சோர்வு இருக்கிறதா என்று எந்தப் படிவமும் விற்பவரைக் கேட்காது. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் நாம்தான் கேட்க வேண்டும். மனத்தில் சின்ன உறுத்தல் இருந்தாலும் விற்காதீர்கள்.