மேடும் இல்லை, பள்ளமும் இல்லை!

எட்டயபுரத்தை அடுத்த கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்களை நாள்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அவர் ஒரு முறை தீட்டியதைச் சிவகாசி அச்சகங்கள் ஆயிரக்கணக்கில் அச்சிட்டன.

ரப்பர் முத்திரையில் எழுத்து மேடாக இருக்கும். அங்கே மட்டும் மை ஒட்டும். ஆப்செட் அச்சுத் தகடோ சமதளமானது. அதில் மை எப்படி இடமறிந்து ஒட்டுகிறது?

விடை கண்டவர் ஜெர்மனியின் நாடக ஆசிரியர் அலாய்ஸ் செனஃபெல்டர். தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட விரும்பிய அவர், தாமே பல சோதனைகள் செய்து, 1798 வாக்கில் கல்லச்சு முறையை உருவாக்கினார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, அமிலம் கலந்த பிசின் கரைசலைப் பூசி, பின் கல்லை நீரால் நனைத்தார். கோடுகளில் நீர் தங்கவில்லை. அதன்மேல் எண்ணெய் மை தோய்ந்த உருளையை உருட்டினார். ஈரமான இடம் மையை ஏற்கவில்லை, கோடுகள் ஏற்றன!

காரணம் என்ன? நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக ஈர்க்கின்றன. எண்ணெய் மூலக்கூறுகளை அவ்வளவு ஈர்ப்பதில்லை. எனவே இரண்டும் கலப்பதில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். மெழுகுவர்த்தித் துண்டால் வெள்ளைத்தாளில் அழுத்திக் கோலம் வரையுங்கள். துணிக்குப் போடும் நீலத்தை நீரில் கரைத்துத் தாள் முழுவதும் பூசுங்கள். நீல நிறத்தின் நடுவே கோலம் வெண்மையாகத் தெரியும்.

இனி ஒரு வினா: கல்லச்சில் எழுத்தை இடவலம் மாற்றி எழுத வேண்டும், ஆப்செட் தகட்டில் நேராகவே அமைக்கலாம். ஏன்? தகட்டுக்கும் தாளுக்கும் இடையே ரப்பர் போர்த்திய உருளை ஒன்று சுழல்கிறது. நிலைக்கண்ணாடி முன் நின்று சிந்தியுங்கள்!