குழுவாரியாக இடைநிலை காண ஒரு வரிக் கட்டளை

ஒரே ஒரு பெரிய எண் வந்தால் சராசரி அதன் பக்கம் சாய்ந்துவிடும். இடைநிலை அவ்வளவு சீக்கிரம் அசையாது. ஆனால் பல வகைகள் கலந்து கிடக்கும் தரவில் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு இடைநிலை எடுத்தால் அது எல்லா வகைகளையும் சரியாகக் காட்டாது. வகைவாரியாக எடுக்கலாம் என்று எக்செலுக்குப் போனால், சாதாரண பைவட் டேபிளில் கூட்டலும் சராசரியும் உண்டு, இடைநிலை இல்லை. இந்த வேலையை ஒரே வரியில் முடித்துத் தரும் கட்டற்ற மென்பொருள், ஜிஎன்யூ டேட்டாமேஷ்.

கீழே கட்டளைகள் ஒலிப்புப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

1. நிறுவுதல்

உபுண்டு, டெபியன் கணினிகளில்:
சூடோ ஏபிடி இன்ஸ்டால் டேட்டாமேஷ்

மேக்கில் ஹோம்ப்ரூ இருந்தால்:
ப்ரூ இன்ஸ்டால் டேட்டாமேஷ்

விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டுவைத் திறந்து முதல் கட்டளையைக் கொடுக்கலாம்.

2. பயிற்சிக்கு ஒரு தரவு

விடை முன்பே தெரிந்த தரவில் பழகுவது நல்லது. எட்கர் ஆண்டர்சன் திரட்டி, ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தம் கட்டுரையில் பயன்படுத்திய ஐரிஸ் மலர் அளவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். செட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிகா என மூன்று இனங்கள். இனத்துக்கு 50 மலர்கள். தலைப்பு வரியுள்ள சிஎஸ்வி கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அல்லி இதழ் நீளம் 3ஆம் நெடுவரிசையிலும் இனப்பெயர் 5ஆவதிலும் இருக்க வேண்டும்.

3. கோப்பைச் சோதித்தல்

டேட்டாமேஷ் -டி, செக் < ஐரிஸ்.சிஎஸ்வி

டேட்டாமேஷ் இயல்பாக டேப் குறியைத்தான் பிரிப்பானாகக் கொள்ளும். நம் கோப்பில் இருப்பது காற்புள்ளி என்பதை ‘-டி,’ சொல்கிறது. 151 வரிகள், 5 புலங்கள் என்று பதில் வந்தால் கோப்பு ஒழுங்காக இருக்கிறது. ஏதேனும் ஒரு வரியில் புலம் கூடினாலோ குறைந்தாலோ அந்த வரியைச் சுட்டிக்காட்டி நின்றுவிடும்.

மேற்கோள்குறிக்குள் வரும் காற்புள்ளியையும் டேட்டாமேஷ் பிரிப்பானாகவே எண்ணும். முகவரி போன்ற புலங்கள் உள்ள கோப்பை முதலில் டேப் பிரிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

4. முதலில் மொத்த இடைநிலை

டேட்டாமேஷ் -டி, --ஹெடர்-இன் மீடியன் 3 < ஐரிஸ்.சிஎஸ்வி

விடை 4.35 செ.மீ. செட்டோசா மலர்களில் மிக நீளமான அல்லி இதழே 1.9 செ.மீ. தான். அந்த 50 மலர்களைப் பற்றி 4.35 எதுவும் சொல்லவில்லை.

5. குழுவாரியாக

டேட்டாமேஷ் -டி, -எஸ் --ஹெடர்-இன் -ஜி 5 கவுண்ட் 3 மீடியன் 3 < ஐரிஸ்.சிஎஸ்வி

வர வேண்டிய விடை:
செட்டோசா,50,1.5
வெர்சிகலர்,50,4.35
வர்ஜினிகா,50,5.55

‘-ஜி 5’ என்பது 5ஆம் நெடுவரிசைப்படி குழு பிரி என்ற ஆணை. இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துப் பிரிக்க ‘-ஜி 1,2’ என்று கொடுக்கலாம். ‘--ஹெடர்-இன்’ தலைப்பு வரியைக் கணக்கில் சேர்க்காமல் விடும்.

வரிகளைக் குழுவாரியாக அடுக்கித் தரும் ‘-எஸ்’ஸை மட்டும் மறக்கக் கூடாது. டேட்டாமேஷ் வரிவரியாகப் படித்துப் போகிறது. குழுப்பெயர் மாறியதும் அந்தக் கணக்கை முடித்துவிடுகிறது. கலைந்து கிடக்கும் கோப்பில் ‘-எஸ்’ இல்லாவிட்டால் ஒரே இனம் பல வரிகளில் திரும்பத் திரும்ப வரும். ஐரிஸ் கோப்பு பெரும்பாலும் இனவாரியாக அடுக்கப்பட்டே கிடைப்பதால் இந்தப் பிழை அதில் தெரியாது. உங்கள் சொந்தக் கோப்பில்தான் தெரியவரும். ‘கவுண்ட்’டைச் சேர்த்திருப்பதும் அதற்காகத்தான். குழுவுக்கு எத்தனை பதிவுகள் என்று தெரிந்தால் தவறு உடனே கண்ணில் படும். மூன்று நான்கு பதிவுகளிலிருந்து வந்த இடைநிலையைப் பெரிதாக நம்பவும் மாட்டோம்.

6. பரவலும் விடுபட்ட மதிப்புகளும்

மீடியனுக்குப் பின் ‘க்யூ1 3 க்யூ3 3’ சேர்த்தால் கால்மானங்கள் கிடைக்கும். செட்டோசாவுக்கு 1.4, 1.575, வர்ஜினிகாவுக்கு 5.1, 5.875. விடுபட்ட இடங்களில் ‘என்ஏ’ என்று இருந்தால் ‘--நார்ம்’ அவற்றைத் தவிர்த்துக் கணக்கிடும்.

7. பிரிவு இடைவெளித் தரவாக இருந்தால்

0–10, 10–20 எனப் பிரிவுகளும் நிகழ்வெண்களும் மட்டுமே கையில் இருந்தால் மேற்கண்ட கட்டளை உதவாது. மூல மதிப்புகள் இல்லாததால் மதிப்பீடுதான் சாத்தியம். பள்ளிப் பாடத்தில் வரும் சூத்திரம் இது:

கீழ் எல்லை + ((மொத்தத்தில் பாதி − முந்தைய குவிவு நிகழ்வெண்) ÷ இடைநிலைப் பிரிவின் நிகழ்வெண்) × பிரிவின் அகலம்

பைத்தானின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தொகுப்பில் உள்ள ‘மீடியன்_குரூப்டு’ இதைச் செய்யும். பிரிவுகளின் நடுமதிப்புகளை நிகழ்வெண் அளவுக்குத் திரும்பத் தந்து, பிரிவின் அகலத்தையும் சொல்ல வேண்டும். அகலத்தைச் சொல்லாவிட்டால் 1 என்று எடுத்துக்கொண்டு தவறான விடையைத் தந்துவிடும்.

மூல மதிப்புகள் கையில் இருக்கும்போது இந்த மதிப்பீட்டுக்குப் போகாதீர்கள். ஐந்தாம் படியே போதும்.