சிதம்பரத்துக்கு ஒரு கால்பந்து அணி

கம்மாபுரம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. துணைவேந்தரிடம் கொடுக்க நீ எழுதி வைத்திருக்கும் மனுவை நிதானமாகப் படித்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் நிரந்தரமாக ஒரு கால்பந்து கிளப் வேண்டும், அதன் ஆண்கள் அணி சில வருடங்களுக்குள் தேசிய லீக்கில் ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அணி வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. எந்தப் பிரிவில் தொடங்குவது, யாரை வைத்துத் தொடங்குவது என்ற இரண்டில்தான் உன்னோடு மாறுபடுகிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியே தலை நரைத்தவன் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

முதலில் யாரை வைத்து என்பது. நம் மாவட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்குக் கபடியும் வாலிபாலும் கிரிக்கெட்டும் இருக்கின்றன. கால்பந்தில் கடலூருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் பெண்கள். பயிற்சியாளர் மாரியப்பன் கடலூரில் அரசு இல்லத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கினார். 2004 சுனாமியில் பெற்றோரை இழந்த குழந்தைகளும் அவர்களில் உண்டு. அந்த உழைப்பில் வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி 2018-ல் இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றிலேயே ஆடியது. இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்த மண்ணில் பழகி இந்தியாவுக்கு ஆடியவர்கள். அதே 2018-ல் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய சீனியர் மகளிர் பட்டத்தை வென்றதே, இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தியதே, அந்த அணியில் இந்துமதி இருந்தார். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர். இவ்வளவு நடந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு மனுவின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில், ‘பின்னர் பெண்கள் அணியும்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி முதல் பக்கத்துக்கு வர வேண்டும். ஆண்கள் அணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசை மாற வேண்டும் என்கிறேன்.

அடுத்தது பிரிவு. பெண்களுக்கு இந்திய மகளிர் லீக், அதற்குக் கீழே இரண்டாம் நிலை லீக், அதற்கும் கீழே மாநில லீக். ஆண்களுக்கு இந்தப் படிக்கட்டு இன்னும் உயரம். மேலே போகப் போக உரிமம் கேட்பார்கள், சம்பள ஒப்பந்தம் கேட்பார்கள், கவுகாத்திக்கும் கோவாவுக்கும் அணியை அனுப்பும் செலவு வரும். சென்னை சிட்டி எஃப்சி உனக்கு நினைவிருக்கும். கோவையைச் சொந்த மைதானமாக வைத்து 2018-19-ல் ஐ-லீக் கோப்பையையே தூக்கிய கிளப். 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த லீக்கில் அதன் பெயரைக் காணோம். தனியார் பணம் பின்னால் நின்ற கிளப்புக்கே இந்தக் கதி என்றால், 2013-ல் நிதி நெருக்கடியால் அரசே ஏற்று நடத்த வேண்டி வந்த ஒரு பல்கலைக்கழகம் அந்தச் செலவை எத்தனை வருடம் தாங்கும்? மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் வெளியூர் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நிலை வரவே கூடாது.

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் இதே கேள்வியோடு காலங்காலமாக மல்லுக்கட்டுகின்றன. அவர்கள் புட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம், ஆனால் பாடம் பொருந்தும். சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் அந்த நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றை வைத்திருந்தது. ஆட்டம் படிப்பை விழுங்குகிறது என்று அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கருதினார். 1939-ல் அணியையே கலைத்தார்கள். 1969-ல் ஆட்டம் திரும்பி வந்தது. இன்று அது மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்காத பிரிவு அது. அதனால் சிகாகோவின் மதிப்பு ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. படிக்க வந்த பிள்ளைகள் ஆடுகிறார்கள், அவ்வளவே.

நமக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது: பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. தென் மண்டலத்தில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி, அதில் முதல் எட்டுக்குள் வந்தால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. இதை நீ, ‘வழக்கமாக ஆடுவதுதானே’ என்று தள்ளிவிட்டாய். நம் பிள்ளைகளின் வாழ்க்கை இங்கேதான் திரும்புகிறது, பாப்பா. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 விழுக்காடு, காவலர், எஸ்.ஐ. தேர்வில் 10 விழுக்காடு. காவல்துறைத் தேர்வுக்கு வேண்டிய சான்றிதழ்களில் நாட்டுக்கு ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்கு ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடியவருக்குப் படிவம் 3. கிளப் லீக்கில் ஆடினேன் என்பதற்குத் தனிப் படிவம் கிடையாது. ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் படிவம் 3 எவ்வளவு பெரிய சொத்து என்பதை மனுவில் விவரமாக எழுது. படிக்கிற அதிகாரிக்கு அது உடனே புரியும்.

ஆக என் யோசனை இது. 2021-லிருந்து கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையோடு இணைந்திருக்கின்றன. கடலூர் பெரியார் கல்லூரி, சி.முட்லூர் அரசுக் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரி, விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரி எல்லாம் ஒரே குடைக்குள். இவற்றுக்குள் பெண்களுக்கு ஒரு லீக் நடத்தச் சொல். ஒரு நாள் நாக்-அவுட் வேண்டாம். தோற்றால் வீட்டுக்கு என்ற போட்டியில் பாதிப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரே ஆட்டம் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள், ஆட்டம் எப்படி வளரும்? பருவம் முழுக்க வாரம் ஓர் ஆட்டம் நடக்கட்டும். அதிலிருந்து பல்கலைக்கழக அணியைப் பொறுக்கு. அந்த அணி உருப்படியாக நின்ற பிறகு மாநில மகளிர் லீக்கில் சேர்க்கலாம். பல்கலைக்கழகப் போட்டியில் 25 வயதுக்கு மேல் ஆட முடியாது. படிப்பை முடித்த பெண்ணுக்கு மாநில லீக் அணி ஒரு தொடர்ச்சி. அதற்கு மேலே போவதைப் பிறகு வருகிறவர்கள் முடிவு செய்யட்டும். இந்த மனுவில் தேசிய லீக் என்ற சொல்லே வேண்டாம்.

பணத்தை எங்கே போடச் சொல்வது? தரையில். சர்வதேச அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். சுற்றிலும் ஓரம் விட்டால் ஏறக்குறைய 2 ஏக்கர். நம் பக்கம் களிமண் கலந்த தாழ்ந்த நிலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் நின்றால் வாரக்கணக்கில் வடியாது. பல்கலைக்கழகப் போட்டிகளோ பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே வரும். பயிற்சி வேண்டிய நேரத்தில் மைதானம் குளமாகக் கிடக்கும். ஆகவே மண்ணை மேடாக்கி, மணல் கலந்து, வடிகால் வெட்டுவது முதல் செலவு. சீருடையும் கேலரியும் பிறகு. அடுத்தது சாப்பாடு. அண்ணாமலைக்கு விடுதிகள் இருப்பது பெரிய பலம். காலையில் ஓடிவிட்டு வரும் பெண்ணுக்கு முட்டையும் பாலும் சுண்டலும் விடுதி மெஸ்ஸிலேயே கிடைக்க வேண்டும். பெண் பயிற்சியாளர், உடை மாற்ற அறை, கழிவறை இவை இல்லாமல் எந்தத் தாயும் மகளை அனுப்பமாட்டாள், அனுப்பக்கூடாது.

பேருந்தை மறந்துவிடாதே. கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் போய்ப் படிக்கிற பெண், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆறு மணிக்கு மேல் பயிற்சி வைத்தால் விடுதிப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள். பள்ளியில் நன்றாக ஆடிய எத்தனையோ பெண்கள் பன்னிரண்டாம் வகுப்போடு பூட்ஸைக் கழற்றி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைந்ததால் அது நடக்கவில்லை. கல்லூரியில் அவர்களுக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் யாரும் ஒதுக்கவில்லை.

மனுவைத் திருத்தி எழுதிய பிறகு நேரே துணைவேந்தர் அலுவலகத்துக்குப் போகாதே. கொளஞ்சியப்பர் கல்லூரி மாணவிகளிடம் அதைப் படித்துக் காட்டு. எந்த நேரத்துக்குப் பயிற்சி வைத்தால் அவர்களால் வர முடியும் என்று கேள். அவர்கள் சொல்லும் நேரத்தை மனுவில் சேர்த்த பிறகு கொண்டுபோய்க் கொடு.

அன்புடன்,
பெரியப்பா