வடகோடியில் ஒரு வார இறுதி

அலாஸ்காவின் வடமேற்குக் கரையில் இருக்கும் சிற்றூர் பாயிண்ட் ஹோப். அங்குச் செல்லச் சாலை இல்லை. சிறு விமானமே வழி. இனுபியாக் இன மக்கள் வாழும் அவ்வூர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை, செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் தம் மாணவனின் வீட்டுக்குச் சென்றார். அவனுடைய பாட்டி அவருக்கு ஒரு நிலவறையைக் காட்டினார். ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் மண்ணைத் தோண்டி அமைத்தது அது. மின்சாரம் வேண்டாத குளிர்பதனப் பெட்டி என்றே சொல்லலாம்! திமிங்கல இறைச்சியை அதில்தான் சேமிப்பார்கள்.

ஆனால், அன்று உள்ளே நீர் தேங்கியிருந்தது. புவி வெப்பமடைவதால் உறைமண் இளகி வருகிறது.

“இது ஊருக்கே பங்கிட வேண்டிய இறைச்சி, அம்மா,” என்றார் பாட்டி.

ஞாயிறு முழுவதும் ஆசிரியையும் மாணவனும் வாளி வாளியாக நீரை இறைத்தனர். அவர் விடைபெற்றபோது, பாட்டி அவருக்கும் ஒரு பங்கைக் கட்டிக் கொடுத்தார்.