தாழியில் உறைந்த தேறல்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடு ஜார்ஜியா. அதன் தலைநகர் திபிலீசிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கடச்சிரிலி கோரா என்னும் தொல்மேடு உள்ளது. மண்கற்களால் எழுப்பிய வட்ட வீடுகளில் புதிய கற்கால மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற உடைந்த பானை ஓடுகளே திராட்சையின் வரலாற்றைப் பின்னோக்கி நகர்த்தின.

ஓடுகளின் உட்புறத்தில் ஊறியிருந்த எச்சங்களைப் பேட்ரிக் மெக்கவர்ன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பகுத்தாய்ந்தனர். அவற்றில் டார்டாரிக் அமிலம் காணப்பட்டது. அந்நிலப்பகுதியில் இவ்வமிலம் மிகுந்துள்ள கனி திராட்சையே. 2017இல் வெளியான அவ்வாய்வு, பானைகளின் காலத்தைக் கி.மு. 6000ஐ ஒட்டியதாகக் கணித்தது. அதுவரை மிகப் பழமையானதாகக் கருதப்பட்ட சான்று, ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் மேட்டில் கிடைத்தது. அது பல நூறு ஆண்டுகள் பிந்தியது.

எனினும் ஓர் ஐயம் எழுவது இயல்பு. காட்டுத் திராட்சையைப் பறித்தும் தேறல் வடிக்கலாம் அன்றோ? அமிலம் மட்டுமே பயிரிடலுக்குச் சான்றாகிவிடாது. விடையைக் கொடியிடமே தேட வேண்டும். காட்டுத் திராட்சையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. அரிதாக ஒரே பூவில் இருபாலும் அமைந்த கொடி தோன்றும். அது தனித்து நின்றே காய்க்கும். அத்தகைய கொடியைக் கண்டறிந்த உழவர், விதையை நம்பவில்லை. விதைவழி முளைப்பது தாய்க்கொடியை ஒத்திராது. நம்மவர் முருங்கைப் போத்தை நடுவதுபோல் தண்டை வெட்டி நட்டனர். பயிரிடும் திராட்சை பிறந்தது இவ்வாறே. மேற்கு ஆசியாவிலும் காக்கசஸ் பகுதியிலும் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னர் இம்மாற்றம் தனித்தனியே நிகழ்ந்ததாக, 2023இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது.

ஜார்ஜியர் தேறலைக் 'குவெவ்ரி' என்னும் முட்டை வடிவத் தாழியில் ஆக்குவர். நம் தாழியை விடவும் பெரிதாக, ஆள் இறங்கிக் கழுவும் அளவிலும் அது வனையப்படும். உட்புறம் தேன்மெழுகு பூசிக் கழுத்தளவு மண்ணில் புதைப்பர். பிழிந்த சாற்றைத் தோல், காம்பு, விதையுடன் ஊற்றி மூடிவிட்டால், மண்ணின் மாறாத குளிர்ச்சி ஐந்தாறு திங்கள் அதனைப் பக்குவப்படுத்தும். இம்முறையை யுனெஸ்கோ 2013இல் மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. நான்காம் நூற்றாண்டில் கிறித்தவத்தைக் கொணர்ந்த புனித நினோ, திராட்சைக் கொடியால் ஆன சிலுவையை ஏந்தி வந்தார் என்பது அம்மக்கள் மரபு.

இத்துணைப் பழமையும் ஒரு தலைமுறையில் அழியவிருந்தது. ஜார்ஜியாவுக்கு உரிய திராட்சை வகைகள் 500க்கும் மேற்பட்டவை. சோவியத் ஆட்சியிலோ விளைச்சல் மிகுதியே அளவுகோலாயிற்று. ரக்கட்ஸிட்டெலி, சபெரவி முதலிய சில வகைகளே பெருந்தோட்டங்களை நிறைத்தன. 1985இல் தொடங்கிய மதுவொழிப்பு இயக்கத்தின்போது தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. குடியைக் குறைக்க எண்ணியது பிழையன்று. எண்ணாயிரம் ஆண்டு பேணிய கொடியை அழித்ததே பிழை. 2006இல் ரஷ்யா இறக்குமதியைத் தடை செய்யவே, எஞ்சிய உழவரும் சந்தை இழந்து தவித்தனர்.

ஆயினும் வீட்டுப் புறக்கடையில் நாலைந்து கொடிகளைக் குடும்பத்தார் விடாது வளர்த்து வந்தனர். அரசின் பட்டியலில் இடம்பெறாத வகைகள் பல உயிர் பிழைத்தது அங்கேதான். இன்று ஜிகௌராவிலுள்ள அரசு நாற்றுப் பண்ணையில் நூற்றுக்கணக்கான வகைகள் வரிசை வரிசையாக வளர்க்கப்படுகின்றன. அவற்றின் தண்டுகளை வெட்டி உழவர்க்கு மீண்டும் வழங்குகின்றனர்.