திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து கிளம்பும் பிள்ளைகளுக்கு

1. முதலில் சொந்தத் தெருவை நடந்து பாருங்கள். சௌராஷ்டிர நெசவாளர் வீடுகளில் தறிச் சத்தம் குறைந்துபோனாலும் நின்றுவிடவில்லை. தெருவில் பாவு நீட்டியிருந்தால் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். அறுந்த இழையைப் பிணைக்கிறவரின் விரல்களைப் பாருங்கள். இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, அதற்குள் கண் அடுத்த இழையைத் தேடியிருக்கும். போட்டோ எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

2. மலைக்கோட்டைக்கு வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். பாறை சூடேறினால் இறங்குவது பெரும்பாடு. 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டிய கோட்டை. 1755-இல் ஹைதர் அலி மைசூர்ப் படையோடு வந்தார், 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கைக்குப் போனது. இத்தனை பேர் ஏன் இதற்கு அடித்துக்கொண்டார்கள்? புத்தகத்தில் தேட வேண்டாம், உச்சியில் நின்று சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர், நடுவில் மதுரைக்குப் போகிற வழி. வழியைப் பிடித்தவன் கையில் நாடு. திண்டுக்கல்லில் பிறந்தும் இதைப் பார்க்காமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

3. இறங்கியதும் பேகம்பூர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கமாகியிருக்கிறார். ஊருக்குப் பெயர் அவரால் வந்தது. பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக நில்லுங்கள்.

4. பூட்டுப் பட்டறை கண்ணில் பட்டால் நிற்காமல் போகாதீர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுச் செய்பவர் சாவியை அரத்தால் தேய்ப்பார், உள்ளே விட்டுத் திருப்புவார், எடுத்து மறுபடி தேய்ப்பார். வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். அவரே டீ குடிக்க எழுந்திருப்பார், அப்போது கேளுங்கள். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், தள்ளிப் போடாதீர்கள்.

5. ஊருக்கு வெளியே சைக்கிள்தான். கியர் வண்டி தேவையில்லை. பிரேக்கும் பெல்லும் சரியாக இருந்தால் போதும். சாலையோரமெல்லாம் சீமைக்கருவேல முள். கைப்பம்பு, சொல்யூஷன், ஒட்டுத் துண்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். டயரில் முள் குத்தினால் உடனே பிடுங்காதீர்கள், குத்தின இடத்தை அடையாளம் வைத்த பிறகு பிடுங்குங்கள். டியூபில் ஓட்டை தேடுகிற வேலை மிச்சம்.

6. ஆடியில் மேல்காற்று ஆளையே தள்ளும். காலையில் காற்றை எதிர்த்துப் போய்விடுங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளிக்கொண்டு வரும்.

7. முதல் தூரப் பயணத்துக்குச் சின்னாளபட்டி போதும், பதினோரு கிலோமீட்டர்தான். மதுரை ரோட்டில் லாரி பறக்கும், ஓரத்தை விடாதீர்கள். சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர் அது. பக்கத்திலேயே காந்திகிராமம், 1947-இல் சௌந்தரம் அம்மாவும் அவர் கணவர் ராமச்சந்திரனும் தொடங்கியது. கால் பழகிய பிறகு ஆத்தூர் காமராஜர் அணை வரை போங்கள். நம் ஊர்க் குழாயில் வருகிற தண்ணீர் அங்கே கிடக்கிறது. திரும்பி வரும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.