கயலுக்கு: ஆபரேஷனை ஒளிக்காதே

பாளையங்கோட்டை

அன்புள்ள கயல்,

போன வாரம் உன் அம்மா போன் செய்தாள். நான்கு மாதத்தில் 24 கிலோ இறங்கிவிட்டாய் என்று சந்தோஷப்பட்டாள். அதே மூச்சில், "ஆபரேஷன் விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா, கேட்டவங்ககிட்ட எல்லாம் ஜிம்முக்குப் போறா, சோத்தைக் குறைச்சிட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியவள் நீ. நேரில் பேசினால் நீ கண்ணைக் கசக்குவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குச் செய்த அதே இரைப்பை பைபாஸ் எனக்கும் செய்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வயிற்றோடு குடும்பம் நடத்திய பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வரக்கூடிய கஷ்டங்களில் பாதி, நேரத்துக்குச் சொல்லாததால் பெரிதாகிறவை.

நீயும் உன் அம்மாவும் ஒளிப்பது வெட்கத்தால். 'வாயைக் கட்ட முடியாமல் காசு கொடுத்து வயிற்றை வெட்டிக்கொண்டாள்' என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற பயம். பதினைந்து வயதிலிருந்து நீ எத்தனை தடவை பட்டினி கிடந்து இளைத்தாய், எத்தனை தடவை அது திரும்ப ஏறியது என்று பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். எடை இறங்கினால் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டும், சக்திச் செலவைச் சுருக்கும். மனசுக்கு உறுதி இல்லை என்று அதைச் சொல்வது அறியாமை. 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் முதன்முதலாக இந்த இரைப்பை பைபாஸைச் செய்தார். புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்கள் பிறகு சதை போடாமல் இருந்ததைக் கவனித்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, உடல் பருமன் உள்ள நான்காயிரத்துக்கும் அதிகமானவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது என்று 2007-இல் அந்த ஆய்வு சொன்னது. நீ செய்துகொண்டது வைத்தியம், கயல். உன் சர்க்கரை மாத்திரை நின்றுபோனதே, அதற்குத் தலை குனிய என்ன இருக்கிறது?

ஒளித்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். நான் செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதத்தில் அவளுக்கு வாந்தி தொடங்கியிருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. 'இந்த ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்' என்று அவளே முடிவு செய்துகொண்டு, மாமியார் வீட்டில் தெரியாமல் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறாள். மூன்று வாரம் போன பிறகு பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கேயும் கூட வந்த மாமியாருக்காக ஆபரேஷனைச் சொல்லவில்லை. குளுக்கோஸ் ஏறிய மறுநாள் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. எழுந்து நடந்தால் கால் கோணியது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். அது தீர்ந்த உடம்பில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படும். வந்த நோயாளி பைபாஸ் ஆனவள் என்று தெரிந்திருந்தால், முதலில் தயமின் ஊசியைப் போட்டிருப்பார்கள். அவளுக்குப் பேச்சு தெளிந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். நடை முழுசாகத் திரும்பவில்லை.

அதனால் முதல் வேலை இது. உன் பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, செய்த டாக்டர் பெயர், போன் நம்பர். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள். அலுவலகத்தில் உன் பக்கத்து நாற்காலிக்காரி ஒருத்திக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நீ மயங்கி விழுந்தால் பதில் சொல்லப் போவது அவள்தான். மூக்கு வழியாகக் குழாய் போட வந்தால்கூட, உள்ளே இருப்பது 30 மில்லி கொள்ளும் சின்னப் பை என்று போடுகிறவருக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் தள்ளினால் பை கிழிய வாய்ப்புண்டு. மருந்துக் கடையிலும் சொல். தலைவலி, மாதவிடாய் வலி என்று போய் நின்றால் டைக்ளோஃபினாக்கோ இப்யூபுரூஃபனோ எடுத்து நீட்டுவார்கள். பையையும் குடலையும் சேர்த்துத் தைத்த இடத்தில் அவை புண் உண்டாக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதற்கு அடங்காத வலி என்றால் டாக்டரிடம் போ.

வயிற்று வலி என்றால் இன்னும் கவனம். கொழுப்பு கரையக் கரைய, குடலை மாற்றித் தைத்த இடத்தில் இருக்கும் இடுக்குகள் அகலமாகும். சிறுகுடல் அதற்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். இது ஆபரேஷன் ஆன வருஷமே வரும் என்றில்லை, பல வருஷம் கழித்தும் வரும். வந்து வந்து போகும் வலி, சாப்பிட்டதும் கூடும் வலி, முதுகுக்குப் பாயும் வலி. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஒன்றுமில்லை என்று காட்டிவிடுவதும் உண்டு. 'கேஸ் டிரபிள்' என்று ஊசி போட்டு அனுப்பினால் அதோடு வீட்டுக்குத் திரும்பாதே, ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போ. வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேர்வதும் சகஜம். அதற்குக் கொடுத்த மாத்திரையை நடுவில் நிறுத்தாதே.

இனி சாப்பாடு. உன் அம்மா இன்னும் உனக்கு ரசம் சோறு குழையப் பிசைந்து கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பாசம்தான். ஆனால் உன் வயிற்றில் இருக்கும் இடம் சோற்றுக்குப் போதாது. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. நம் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர் அதிகம். அதனால் முதலில் முட்டை, மீன், பன்னீர், கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர். வயிறு இடம் கொடுத்தால் கடைசியாக இரண்டு வாய் சோறு. கோழியின் நெஞ்சுக்கறி வறண்டு போய் அடைக்கும், குழம்பில் வெந்த சாளையும் நெத்திலியும் வழுக்கிக்கொண்டு போகும். புரோட்டா வேண்டாம். நார் எடுக்கும் மாம்பழம், முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு எல்லாம் உள்ளே உருண்டையாகத் திரண்டு வழியை அடைத்துவிடும்.

அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கை அழுத்தும். வாயில் பிசுபிசுவென்று எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், விழுங்கவும் முடியாது. அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துத் தள்ளிவிடப் பார்க்காதே, தண்ணீரும் சேர்ந்து மேலே வரும். எழுந்து மெதுவாக நட. எச்சிலைத் துப்பு. தானாக இறங்கும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடும். அவசரமாகத் தின்ற அன்று எப்போதாவது ஒருமுறை இப்படி வந்தால் பயமில்லை. அடிக்கடி வந்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ தையல் போட்ட வாய் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப் விட்டு விரித்துவிடுவார்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடி. நாள் முழுக்கச் சிப் சிப்பாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும்.

இனிப்பு விஷயத்தில் உன் குடல் உனக்கு நேரடியாகவே பாடம் எடுக்கும். பாயசமோ கேசரியோ சின்னப் பையில் தங்காமல் நேரே சிறுகுடலில் கொட்டும். பத்து நிமிஷம், அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வேர்த்து ஊற்றும், வயிறு முறுக்கும், படுத்தால் தேவலை என்றிருக்கும். சிலருக்கு அது போதாதென்று ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சர்ரென்று இறங்கிக் கை நடுங்கும். அப்படி நடந்தால் குளுக்கோமீட்டரில் அளவு பார்த்து எழுதி டாக்டரிடம் காட்டு. வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரம் கட்டிவிடு.

ஆவணியில் நம் செந்திலின் கல்யாணம் வருகிறது. பந்தியில் சோற்று வாளியோடு வருகிறவரிடம் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்குண்ணே, பருப்பும் கூட்டும் மட்டும் வைங்க" என்று சொல்லிவிடு. அவ்வளவுதான் வேலை. சொல்லாமல் உட்கார்ந்தால், இலையில் மிச்சம் வைக்கக் கூசி நாலு வாய் கூட அள்ளுவாய், கை கழுவும் இடத்தில் வாந்தி எடுப்பாய். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார். சொதியில் இருக்கும் காயையும் பாசிப்பருப்பையும் நான் எடுத்துப் போடுகிறேன். 'ஒரு வாய் பாயசம் ஒண்ணும் செய்யாது' என்று வற்புறுத்துகிற அத்தைமார்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கந்த சஷ்டிக்கு உன்னைத் திருச்செந்தூரில் ஆறு நாள் விரதம் இருக்க வைக்கிறேன் என்று உன் அம்மா வேண்டியிருக்கிறாளாம். கூடாது. அந்த வேண்டுதலை அவளே தீர்க்கட்டும்.

மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் குடல் பகுதியைத் தாண்டித்தான் இனி உன் சாப்பாடு போகிறது. பி12-ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அமிலமும் பழைய இரைப்பையோடு ஒதுங்கிவிட்டது. முதல் வருஷம் எதுவும் தெரியாது, கல்லீரலில் இருக்கும் சேமிப்பு ஓடும். அது தீர்ந்த பிறகுதான் கால் மரத்துப்போவதும், படியேறினால் மூச்சு வாங்குவதும். கால்சியம் சிட்ரேட்டாக வாங்கு, அது கரைய அமிலம் தேவையில்லை. அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடு. காபி, டீயோடு இரும்பை விழுங்காதே. முடி கொட்டுகிறது என்று அழுதாயாம். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கும் கொட்டும், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் முளைத்துவிடும். ஆபீஸ் விருந்தில் மதுவைத் தொடாதே. இந்தக் குடலில் அது சட்டென்று ரத்தத்தில் ஏறும். சாப்பாட்டில் தேடிய ஆறுதலைச் சிலர் அதில் தேடப் போய் மீள முடியாமல் ஆகியிருக்கிறார்கள்.

கடைசியாகக் கல்யாணப் பேச்சு. ஜாதகம் வர ஆரம்பித்துவிட்டது என்றாள் உன் அம்மா. நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் நீயே சொல், தரகர் மூலமாக வேண்டாம். மாத்திரை டப்பாவை ஆயுசு முழுக்க அலமாரியில் பூட்டிவைத்து வாழ முடியாது. அதோடு இது அவனுக்கும் சேர்ந்த விஷயம். ஆபரேஷன் ஆகி ஒன்று, ஒன்றரை வருஷத்துக்குள் கர்ப்பம் ஆகக் கூடாது. இளைத்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை குறைந்து சீக்கிரம் கரு தங்கும், பைபாஸ் ஆனவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பவும் முடியாது. வேறு வழியைப் பெண் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமான பிறகு சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள், நீ குடித்தால் அங்கேயே சுருண்டுவிடுவாய். ஒரு வாரம் வீட்டில் விரலில் குத்தி அளந்து காட்டும் வழி இருக்கிறது. இதையெல்லாம் புருஷனுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வாய்? கேட்டுவிட்டு ஒதுங்குகிறவன் ஒதுங்கட்டும். உன் வயிற்று வலியைக் 'கேஸ்' என்று நம்பிக்கொண்டு பக்கத்தில் தூங்குகிறவனைவிட அது மேல்.

உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன். அவள் பயப்படுவது ஊர் வாய்க்குத்தான், உன்மேல் கோபம் இல்லை. நீ முதலில் உன் அண்ணனிடம் சொல், ராத்திரி வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கப் போவது அவன்தான். ஆறாம் மாத ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி எல்லாம் கேட்டு வாங்கு. ரிப்போர்ட் வந்த அன்றே எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு, என்னுடைய பழைய ரிப்போர்ட்டுகளோடு வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா